செம்பு தளும்பாத வண்டி

கார் பார்க்க வருகிறவர்கள் மனைவியோடு வருவார்கள், மக்களோடு வருவார்கள், விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வருவார்கள். விளிம்பு வரை நீர் நிறைத்த பித்தளைச் செம்பை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தவர் வைத்தியலிங்கம் ஒருவரே. தச்சநல்லூரில் புறவழிச்சாலையை ஒட்டி இருந்த அந்த ஷோரூமின் கண்ணாடிக் கதவை அவர் தோளால் தள்ளித் திறந்தபோது, திருமஞ்சனத்துக்கு நீர் சுமந்து வருகிறவரைக் கண்டாற்போல் உள்ளிருந்தவர்கள் தம்மை அறியாமலே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

விற்பனைப் பிரிவில் இருந்த தஸ்மியா மட்டும் ஒதுங்கவில்லை. மேலப்பாளையத்துப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், யார் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காதவள்.

"குடிக்கத் தண்ணி இங்கனயே இருக்கே அண்ணாச்சி, எதுக்குச் சொமந்துட்டு வாரிய?"

"குடிக்கதுக்கு இல்லம்மா. வண்டிக்குள்ள வைக்கதுக்கு."

"பூசையா? இன்னும் வாங்கவே இல்லையே!"

அவர் முந்தின நாள் வந்து பார்த்துவைத்த இரண்டு வண்டிகளில் சிறியதன் பின்கதவைத் திறந்தார். நான்கு மீட்டருக்குள் அடங்கிவிடும் காம்பாக்ட் எஸ்.யூ.வி. அது. பின்னிருக்கையில் இடப்பக்கமாகப் பழைய வேட்டித் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் செம்பை இருத்தினார். பின்பு தாமே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தாழையூத்து வரை போய்த் திரும்ப வேண்டும் என்றார். தஸ்மியா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

வழியில் இருந்த வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவர் ஒரே சீராக ஏறி இறங்கினார். திரும்பி வந்ததும் செம்பின் வாய்க்குள் விரல்களைப் படுக்கவைத்து அளந்தார். இரண்டு விரற்கடை நீர் குறைந்திருந்தது. செம்பை மீண்டும் நிறைத்துக்கொண்டு, ஓரடி நீளம் கூடிய மிட்-சைஸ் வண்டியில் வைத்து, அதே சாலையில், அதே வேகத்தில் போய் வந்தார். இந்த முறை குறைந்தது அரை விரற்கடைதான்.

நனைந்த இருக்கையைத் தஸ்மியா துடைத்தாள். "மைலேஜ் கேப்பாங்க, பூட் கேப்பாங்க, ஏர்பேக் எத்தனைன்னு கேப்பாங்க. இது எங்க பயிற்சியிலயே சொல்லித் தரலயே அண்ணாச்சி."

"உங்க பயிற்சியில தார வெவரமெல்லாம் தாள்லயே இருக்கும்மா. எனக்கு இது ஒண்ணுதான் தெரியணும்" என்றார் அவர்.

வைத்தியலிங்கம் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரு வரப்புகளுக்கு இடையே எழும் பூசல் எதுவாயினும், அவர் சங்கிலி பிடித்து அளந்து ஒரு கல்லை நட்டுவிட்டால் அதோடு அடங்கும். அளவுக்கு அடங்காத பூசல் ஒன்று அவர் நெஞ்சுக்குள்ளேயே மூன்றாண்டுகளாகக் கிடந்ததை மட்டும் எவரும் அறியார்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே மகள் அனுராதாவுக்குத் தலைதீபாவளி. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் ஆழ்வார்திருநகரி. மருமகன் நடராஜ் திருவைகுண்டத்தில் பள்ளி ஆசிரியர். பள்ளி முடிந்து அவர் மறுநாள் வருவதாக இருக்கவே, மகளை மட்டும் அழைத்துவரத் தம்முடைய பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு வைத்தியலிங்கம் போயிருந்தார். ஐப்பசி மாதம். பொருநை ஆறு செந்நீராய்ப் பெருகி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாலை எங்கும் மழைநீர். கருங்குளத்தை நெருங்குகையில், தேங்கிய நீரின் அடியில் பள்ளம் இருந்ததை அவர் கண்கள் காணவில்லை. வண்டி இடிந்து விழுந்தாற்போல் இறங்கி எழுந்தது. பின்னிருக்கையில் இருந்த மகள் "அம்மா!" என்று ஒரு சொல் சொன்னாள். உடனே, "ஒண்ணுமில்லப்பா, நீங்க போங்க" என்றும் சொன்னாள். தீபாவளியன்று விடியுமுன் அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வரப்போவதாக அப்போதுதான் வீட்டில் சொல்லியிருந்த பிள்ளை, வராமலே போயிற்று.

அவரை எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே அவரை அதிகம் வருத்திற்று. அடுத்த மாதமே காரை விற்றுவிட்டார். கேட்டவர்களிடம், கண் மங்குகிறது என்றார். நாள்தோறும் வைகறையில் நீராடித் திருநீறு பூசிப் பதிகம் ஓதுகிற வழக்கம் அவருக்கு உண்டு. கருவில் இருக்கும்போதே உயிரைக் காக்கிறவன் என்று இறைவனைப் போற்றும் இடம் வரும்போதெல்லாம், அந்த நாள் முதல், அவர் ஓதுவது அங்கே தடைப்பட்டு நின்றுவிடும்.

இப்போது அனுராதா மீண்டும் உண்டாகியிருக்கிறாள். ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ச் சீமந்தம் முடித்து மகளைப் பிறந்தகத்துக்கு அழைத்து வருவது அந்தக் குடும்பங்களின் முறை. மாசி பத்தொன்பதில் நாள் குறித்தாயிற்று. ஆழ்வார்திருநகரியிலிருந்து தச்சநல்லூர் வரை நாற்பது கிலோமீட்டருக்குக் குறைவுதான். அந்தத் தொலைவை இந்த முறை அவள் வயிறு குலுங்காமல் கடக்க வேண்டும். வைத்தியலிங்கத்துக்கு அதற்குத்தான் வண்டி. மற்றபடி வண்டி என்ற ஒன்றின் மேல் அவருக்கு ஆசை ஏதும் இல்லை.

செம்பின் தீர்ப்புப்படி பெரிய வண்டியை வாங்கிவிட்டிருக்கலாம். குறுக்கே நின்றது அவருடைய தெரு. தெருமுக்கில் ஒருபுறம் பிள்ளையார் கோயில் மதில், மறுபுறம் மின்கம்பம். சிறிய வண்டி ஒரே வளைவில் திரும்பி வாசல் வரை வந்தது. பெரிய வண்டியைத் தஸ்மியா ஒருநாள் கொண்டுவந்து முன்னும் பின்னுமாக ஐந்து முறை ஒடித்துப் பார்த்தாள். மதிலில் உராயாமல் நுழையாது என்று ஆயிற்று. முக்கிலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும். அதையும் அவர் அளந்திருந்தார்: நூற்று அறுபத்திரண்டு அடி.

அன்று மாலை வீட்டில் இதே பேச்சாக இருந்தது. மனைவி அன்னத்தாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி தாணுமாலையன், டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், உலகத்துல எல்லாவனும் கண்ணால பாத்து வண்டி வாங்குதான். நீங்க செம்ப வச்சுப் பாக்குதிய. என் கடையில மூடி போட்ட செம்பு இருக்கு, தரட்டுமா? மாட்டு வண்டியில வச்சாலும் தளும்பாது."

"ஏலே, உன் வாய்க்கு ஒரு மூடி இருந்தா கொண்டா" என்றார் வைத்தியலிங்கம்.

"சின்னதே போதும்" என்றாள் அன்னத்தாய், கீரையிலிருந்து தலை நிமிராமல். "வாசல்ல வந்து நிக்கும். மாசமா இருக்க புள்ளய முக்குல எறக்கி, தெருவே பாக்க நடத்திக் கூட்டிட்டு வரணுமாக்கும்? கண்ணு பட்டுரும்."

"அக்கா, போறது எத்தன பேரு? அதப் பாரு மொதல்ல. மூணு பொம்பளையாளு பின்னால இருக்கணும். அதுல நீ ஒருத்தியே ஒண்ணரை."

"ஆமா, உன் பொண்டாட்டி மட்டும் கொடியிடை!"

"பைய பேசுக்கா. ப்ரியா காதுல விழுந்தா எனக்கு ராத்திரிச் சோறு கெடையாது."

நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் ஒற்றைப்படையாகத்தான் போக வேண்டும் என்பது அன்னத்தாயின் கண்டிப்பு. மூன்று பேர் சீர் சுமக்கப் போதாது, ஏழு பேர் இந்த இரண்டு வண்டியிலும் அடங்க மாட்டார்கள். ஆகவே ஐந்து: கணவன் மனைவி இருவர், தாணு, அவர் மனைவி ப்ரியா, வைத்தியலிங்கத்தின் அக்காள் ஆவுடையம்மாள். வைத்தியலிங்கம் ஒரு தாளை எடுத்து, நிலத்தின் புலப்படம் வரைகிற நேர்த்தியோடு வண்டியின் உட்புறத்தைக் கோடிட்டு, முன்னால் இரண்டு பெயரும் பின்னால் மூன்று பெயரும் எழுதினார். கட்டுச்சோறு நிறைத்த போணிப் பாத்திரங்கள் எங்கே இருக்கும் என்பதற்கும் கட்டம் போட்டார். கோடு எல்லாம் நேராக வந்திருந்தது. மனம்தான் நேராகவில்லை. நூற்று அறுபத்திரண்டு அடி நடப்பதா, ஒன்றரை விரற்கடை குலுங்குவதா என்று அது இரண்டுக்கும் நடுவே நின்றது.

ஏழாவது முறையாக அவர் செம்போடு ஷோரூமுக்குப் போனபோது தஸ்மியா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதிய அண்ணாச்சி. அந்தச் செம்பு யாரு?"

அவர் செம்பைக் கீழே வைத்தார். "எம் மக" என்றார். "ஏழாம் மாசம் கூட்டிட்டு வரணும்."

"எங்கூடப் பொறந்த ராத்தாவுக்கும் இப்ப ஏழு மாசம்தான். அப்பம் ஒண்ணு செய்யுங்க. செம்புக்கு வாயி இல்ல, அவங்களுக்கு இருக்குல்லா? அவங்களையே உக்கார வச்சுப் பாத்துட்டா என்ன?"

"வேண்டாம்மா" என்று அவர் பதறினார். "அவளக் கூட்டிட்டுச் சுத்தவே கூடாது."

"சுத்த வேண்டாம். நிக்க வண்டியில ஏறி எறங்கிப் பாக்கட்டும். வார சனிக்கெழம ரெண்டு வண்டியையும் திருவைகுண்டத்துல கொண்டுபோய் நிறுத்துதோம், ஊர்க்காரங்க பாக்கதுக்கு. அங்கன இருந்து ஆழ்வார்திருநகரி எட்டிப் பிடிக்கத் தூரம். காலையில உங்க மக வீட்டுக்குப் போயிட்டு, பொறவு நாங்க வண்டிகளத் திருவைகுண்டத்துக்குக் கொண்டுபோயிருதோம்."

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் செம்பை விடவில்லை. இரண்டு வண்டிகளும் ஒரே நாளில், மகள் வரப்போகும் அதே சாலையில் போவதால், இரண்டு செம்புகள் வேண்டும் என்றார். இரண்டாவது செம்பு தாணுவின் கடையிலிருந்து, மூடி இல்லாமல், வந்தது.

சனிக்கிழமை காலையில் பெரிய வண்டியை வைத்தியலிங்கம் ஓட்ட, அருகில் தாணு இருந்தார். பின்னால் சிறிய வண்டியைத் தஸ்மியா ஓட்ட, அன்னத்தாய் அவள் பக்கத்தில் அமர்ந்து, ஒரு தூக்குவாளியில் மகளுக்குப் பிடித்த புளிக்குழம்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஆற்றுப்பாலம் கடந்து, பாளையங்கோட்டை தாண்டி, கிருஷ்ணாபுரமும் செய்துங்கநல்லூரும் பின்னே போயின. இடப்பக்கம் பொருநை பாய்ச்சிய வயல்களில் பிசானப் பருவ நெற்பயிர் கதிர் ஈன்று தலை சாயத் தொடங்கியிருந்தது. கண் கொள்ளாத அந்தப் பசுமையை வைத்தியலிங்கம் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தார்; கண்ணாடி வழியே செம்பைப் பார்த்தார்; மீண்டும் சாலையைப் பார்த்தார்.

"அத்தான், டவுன் பஸ் மூணு நம்மளத் தாண்டிட்டு. அந்தா வாரான் பாருங்க, சைக்கிள்ல இளநீ விக்கவன், அவனும் தாண்டப் போறான்."

"தாண்டட்டும்லே."

கருங்குளம் வந்தது. பள்ளம் இருந்த இடம் இப்போது தார் பூசி மட்டமாக, தழும்புகூட இல்லாமல் இருந்தது. ஆயினும் அவர் கால் தானாகவே பிரேக்கை அழுத்திற்று. வண்டி ஊர்ந்தது. தஸ்மியாவுக்கும் பின்னால் வந்த லாரிக்காரன் நீளமாக ஒலி எழுப்பினான். தாணு, அத்தானின் நெற்றியில் வேர்வையைக் கண்டு, ஏ.சி.யைக் கூட்டி வைத்தார்.

நடராஜின் வீட்டு முன் இரண்டு வண்டிகளும் நின்றபோது அனுராதா வாசலுக்கு வந்தாள். மாமனார் மாமியார் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்ததால் வீட்டில் அவளும் கணவனும்தான். முகம் தெளிந்து, உடல் பூரித்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்ற மகளைத் தந்தை ஒரு கணமே நோக்கினார். அதற்குமேல் நோக்க அவருக்குத் துணிவு வரவில்லை. நேரே இரண்டு செம்புகளையும் எடுத்து வாசற்படியில் வைத்து, குனிந்து, விரல் விட்டு அளந்தார்.

"சின்னதுல ரெண்டரை. பெரிசுல முக்கால்" என்று அறிவித்தார். "பெரிசுதான்."

"யப்பா, வந்ததும் வராததுமா என்ன செய்யுதிய?" என்று அனுராதா வியந்தாள். "இது யாரு? வாங்க, உள்ள வாங்க."

"நாந்தான் வண்டிக்காரி" என்றாள் தஸ்மியா. "உங்கப்பா மாதிரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல."

உள்ளே காப்பி வந்தது. அன்னத்தாய் தெருமுக்கையும் நூற்று அறுபத்திரண்டு அடி நடையையும் சொல்லிச் சின்ன வண்டியின் பக்கம் மகளை இழுக்கப் பார்த்தாள். தாணு பெரிய வண்டியின் பக்கம் பேசினார். வைத்தியலிங்கம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"பாரு. அஞ்சு பேரு வாரோம். முன்னால நானும் தாணுவும். பின்னால அம்மா, ஆவுடை அத்த, ப்ரியா. போணியெல்லாம் பின்னால டிக்கியில. எல்லாம் அளந்துட்டேன்."

அனுராதா தாளைக் கையில் எடுத்தாள். ஒருமுறை பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் சரிப்பா. நான் எங்க இருக்கது?"

நடராஜ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, விரலால் பெயர்களை எண்ணினார்.

"மாமா, அஞ்சு சீட்டுக்கும் ஆளு எழுதியாச்சு. அப்பம் அனுவை இங்கனயே விட்டுட்டுப் போறியளா, இல்ல போணியோட போணியாவா?"

தாணு சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது. தஸ்மியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப் பாவிகளா! போறதுக்கு ஒத்தப்படை பாத்தமே, வாரதுக்கு ஆளு கூடும்னு ஒருத்தருக்கும் தோணலியே!" என்று அன்னத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கி உற்றுப் பார்த்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு சென்ட் நிலத்தை விட்டு அளந்தவர் அல்லர் அவர்.

"உனக்கு எடம் உண்டு தாயி" என்றார். "பின்னால, எடது பக்கம்."

"அங்க ப்ரியா அத்த பேருல்லா இருக்கு?"

"அது உன் எடம்தான். அதுலதான் செம்ப வச்சு வச்சுப் பாத்தேன். நீ இருக்கதாவே நெனச்சுக்கிட்டு..." அவர் நிறுத்தினார். பிறகு, அணையில் ஒரு கல் பெயர்ந்தாற்போல் மற்றதும் வந்துவிட்டது. "போன தடவ மாதிரி குலுங்கிரக் கூடாதுல்லா. அன்னைக்கும் நீ அங்கனதான இருந்த. கருங்குளத்துல. நாந்தான ஓட்டிட்டு வந்தேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. தாணு காப்பித் தம்ளரைச் சத்தமின்றிக் கீழே வைத்தார்.

"யப்பா" என்றாள் அனுராதா. "நீங்க எதச் சொல்லுதிய?"

"உனக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? அந்தப் பள்ளத்தாலன்னா நெனச்சிட்டு இருக்கிய? மூணு வருசமாவா?"

அவர் தலை குனிந்திருந்தார். அன்னத்தாய் எழுந்து வந்து அவர் நாற்காலிக்கு அருகில் நின்றாள். அவள் முகத்தில் வியப்பும் குற்ற உணர்வும் கலந்து இருந்தன.

"யப்பா, இங்க பாருங்க. அந்தப் பிள்ள நான் உங்க வண்டியில ஏறதுக்கு முன்னாடியே நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாவல்லா, அதுல தெரிஞ்சுது. நாள்படி பதினோரு வாரம் ஆகணும்; வளத்தி ஏழு வாரத்தோட நின்னுருக்கு. நான் இங்க எங்க வீட்டுல சும்மா இருந்தப்பவே. ரோட்டுக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்ல, யாரு மேலயும் குத்தம் இல்லன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாவளே."

"யாருகிட்டச் சொன்னாவ?"

"அம்மாகிட்ட. இவங்ககிட்ட."

வைத்தியலிங்கம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"பொம்பளக் காரியம்" என்றாள் அன்னத்தாய், குரல் தாழ்ந்து. "உங்ககிட்ட எப்படிப் பேசுவேன்? அன்னைக்கு நீங்க மருந்துச் சீட்டோட வெளிய நின்னிய. 'புள்ளைக்கு முடியல, இப்பம் சரியாயிட்டு'ன்னு மட்டும்தான் சொன்னேன். நீங்களும் அதுக்கு மேல கேக்கல. ஆம்பளைக்கு அது போதும்னு விட்டுட்டேன். இப்படி நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரிவியன்னு கண்டனா?"

அந்த வீடுகளின் வழக்கம் அது. மகள் கருவுற்றால் தந்தை மருத்துவமனைக்கு ஓடுவார், மருந்து வாங்கி வருவார், கோயிலில் நேர்ந்துகொள்வார். கருவைப் பற்றிய பேச்சு மட்டும் அடுக்களை வாசலைத் தாண்டி அவரிடம் வராது. அவருடைய மதிப்பைக் காப்பதற்காக எழுந்த சுவர் அது. அந்தச் சுவருக்கு வெளியே அவர் மூன்றாண்டுகள், செய்யாத பிழைக்குத் தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அனுராதா உள்ளே போய்ப் பீரோவிலிருந்து மருத்துவமனைத் தாள்கள் வைத்த ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தாள். உள்ளிருந்து ஒரு தாளை உருவி அவர் முன் வைத்தாள். ஆறுதல் சொற்களை நம்புகிறவர் அல்லர் தம் தந்தை என்பது அவளுக்குத் தெரியும்.

"படிங்க. இதுல அளவு இருக்கு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளின் மேலே தேதி: அந்தத் தீபாவளி நாள். அதன்கீழே மில்லிமீட்டரில் ஓர் எண். அதற்கு நேரே, ஏழு வாரம் ஒரு நாள். அவர் விரல் அந்த வரியின் கீழ் மெல்ல ஊர்ந்து, மீண்டும் தேதிக்குப் போய், மீண்டும் வரிக்கு வந்தது. மனத்துக்குள் நான்கு வாரங்களைப் பின்னோக்கி எண்ணினார். புரட்டாசி. அந்தப் புரட்டாசியில் அவர் ஆழ்வார்திருநகரிப் பக்கமே வந்ததில்லை. காரைத் தொட்டதில்லை.

ஒரு கருவி அளந்திருக்கிறது. ஓர் ஆள் கையொப்பம் இட்டிருக்கிறார். எல்லை தெளிவாக இருக்கிறது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. நெடுநாள் நீரடியில் இருந்தவன் மேலே வந்து முதல் மூச்சு வாங்குவதுபோல. கண்களில் நீர் வழிந்ததை அவர் துடைக்க முயலவில்லை. "சிவ சிவா" என்றார். அந்தப் பெயரைத் தடையின்றிச் சொல்லிப் பல நாள் ஆயிற்று என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

தஸ்மியா எழுந்து, வெளியே வண்டியைப் பார்ப்பவள்போலப் போகத் தொடங்கினாள். அனுராதா அவளைக் கைப்பிடித்து நிறுத்தினாள். "போகாதீங்க. வாங்க, ஏறிப் பாப்போம்."

பெரிய வண்டியில் அவள் ஏறி இறங்கினாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். சிறிய வண்டியில் ஏறி, பின்னால் சாய்ந்து, காலை நீட்டி, "இது போதும்ப்பா" என்றாள்.

"ரெண்டரை விரக்கடை குலுங்குதே?" என்றார் வைத்தியலிங்கம். கேட்டது பழக்கத்தால்தான், அச்சத்தால் அன்று.

"குலுங்கட்டும். நிதானமாப் போனா பஸ்ஸுலகூடப் போகலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. எனக்கு இப்பவே கால் வீங்குது. தெருமுக்குல எறங்கி உங்க நூத்தி எத்தனயோ அடி நடக்கதுக்குப் பதிலா இது வாசல்ல கொண்டு விடும்லா?"

"நான் சொன்னதத்தான் சொல்லுதா!" என்றாள் அன்னத்தாய்.

"ஆளு கூடுதே, அதுக்கு என்ன வழி?" என்றார் தாணு.

"அதுக்கு நீங்க இருக்கியளே மாமா. போகும்போது அஞ்சு பேரா வாங்க. திரும்பும்போது நீங்களும் ப்ரியா அத்தையும் ஆவுடை அத்தையும் சாயங்கால ரயிலப் பிடிங்க. ஸ்டேஷன் பக்கத்துலதான்."

"நல்லாருக்கே! சீர் கொண்டுவந்த தாய்மாமன் காலிப் போணியத் தூக்கிட்டு ரயில்ல போறதா?"

"பாத்திரக்கடைக்காரருதான, பழகுன சொமைதான்" என்றார் நடராஜ்.

வைத்தியலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அன்னத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதையே எழுதிக்கம்மா" என்றார் அவர் தஸ்மியாவிடம்.

"மாசி பத்தொம்பதுக்கு முன்னாடி வந்துரும், இன்ஷா அல்லாஹ். என்ன கலர் போடட்டும்?"

வெள்ளை என்றாள் அன்னத்தாய். வெள்ளை என்றால் வாடகைக் கார் என்று ஊரார் கைகாட்டி நிறுத்துவார்கள் என்றார் தாணு. அனுராதா சிவப்பு என்றாள். நடராஜ் யார் பக்கமும் சேராமல் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே நழுவினார். எத்தனையோ நாளாக எல்லாவற்றையும் அளந்த வைத்தியலிங்கம் நிறத்தைப் பற்றி ஒருமுறையும் நினைக்கவில்லை. அவர்கள் மூவரும் வழக்காடிக்கொண்டிருக்கையில், சிறிய வண்டியின் திறந்த கதவருகே வந்து நின்றார். உள்ளே சாய்ந்திருந்த மகளை, இந்த முறை, கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"ஏட்டி, இப்பம் எத்தன வாரம்?"

அனுராதா திகைத்தாள். இத்தகைய கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"இருவத்தி நாலுப்பா."

"வளத்தி எல்லாம் சரியா இருக்கா? அளந்தாவளா?"

"அளந்தாவ. சரியா இருக்கு."

"ஒதைக்குதா?"

"சும்மா இருந்தாத்தான! காலையில இருந்து ஒரே ஆட்டம்."

"ஏங்க!" என்று அன்னத்தாய் வெட்கத்தோடு குரல் கொடுத்தாள். "இதெல்லாம் ஆம்பள கேக்கக் கேள்வியா?"

"இனிமே கேப்பேன்" என்றார் வைத்தியலிங்கம். மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "அந்த டாக்டரம்மா வேற என்ன சொன்னாவ? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றார்.